ஐந்தாவது ஆல்டன்

கல்லூரியில் இடம் கிடைத்ததா என்ற முடிவு வர இன்னும் இருபது நிமிடம் இருந்தது. அதற்குள் கேக்கின் மேல் சிவப்புக் க்ரீமில் "ஆஷ்கோம் கல்லூரியின் ஐந்தாவது ஆல்டன்" என்று எழுதியாகிவிட்டது.

லோரிங் ஆல்டன் தன் கல்லூரிக் காலத்துச் சிவப்பு மஃப்ளரை மகள் டபிதாவின் கழுத்தில் சுற்றிவிட்டார். அவள் அதை அவிழ்த்து, கணப்புக்கு முன்னால் படுத்திருந்த நாயின் மேல் போர்த்தினாள்.

"பதற்றம்," என்றார் லோரிங், விருந்தாளிகளைப் பார்த்து.

விருந்தாளிகள் இரண்டே பேர். அவருடைய அண்ணன் வாரன், பக்கத்து வீட்டு டோரா. டோராவைக் கூப்பிட்டதே, பார்த்து வயிறெரியட்டும் என்றுதான்.

"உங்க பையன் எப்படி இருக்கான், டோரா? பார்ட்ரிட்ஜ் காலேஜ்லதானே? காலைல மாடு கறந்துட்டுத்தான் க்ளாஸுக்குப் போகணுமாமே? பட்டத்தோட ஒரு பால் வாளியும் குடுப்பாங்களா?"

வாரனுக்குச் சிரிப்பில் ஆப்பிள் சாறு புரையேறியது.

"பாலும் நல்லா கறக்கறான், பாடமும் நல்லா படிக்கறான்," என்றாள் டோரா. "ஆமா, டபிதா ஏன் ஒரே காலேஜுக்கு மட்டும் போட்டிருக்கா? கிடைக்கலன்னா?"

"இருபது காலேஜுக்கு மனு போட்டுட்டு வாசலைப் பாத்துட்டு உக்காந்திருக்க நாங்க என்ன உங்களை மாதிரியா? இது தனி முறை, நவம்பருக்கு முன்னாடியே ஒரே ஒரு காலேஜுக்குப் போடணும். இடம் குடுத்தா அங்கதான் சேருவேன்னு பொண்ணு, பெத்தவங்க, பள்ளிக்கூட ஆலோசகர் மூணு பேரும் கையெழுத்துப் போடணும். தைரியம் இருக்கறவங்க செய்யற காரியம் இது."

"நீயும் போட்டியாடா?" என்றார் வாரன்.

"போடாம? கோல்ஃப் ஆடக் கிளம்பறப்போ ஓடி வந்து நீட்டினா. உன்கிட்ட போன்ல பேசிக்கிட்டே கார் பானட் மேல வெச்சுப் போட்டேன். ஒரு நிமிஷ வேலை. ஆனா போட்டா போட்டதுதான், அண்ணா. போன வருஷம் அந்த ஹட்சன் பையன் போட்டுட்டுப் பின்வாங்கினான் பாரு, அன்னிலேருந்து அவன் அப்பன் முகத்துல நான் முழிக்கறதில்ல. கையெழுத்த மதிக்காதவன் ஒரு மனுஷனா?"

டபிதா மடிக்கணினியைத் திறந்து வைத்தாள். ஐந்து மணிக்கு முடிவு என்று அவள்தான் சொல்லியிருந்தாள்.

"அப்பா, இடம் கிடைச்சா அது என் படிப்புக்காகக் கிடைச்சதா இருக்குமா?" இதே கேள்வியை அவள் கோடை முழுக்கக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

லோரிங் சத்தமாகச் சிரித்தார். "உன் படிப்புக்கா? உன் கொள்ளுத்தாத்தா பேர்ல அங்க ஒரு நூலகம் நிக்குது, கண்ணு. 'குடும்பத்துல யார் இங்க படிச்சாங்க'ன்னு ஒரு கட்டம் இருந்துதுல்ல? அதுதான் மனு. மத்ததெல்லாம் வெறும் காகிதம். நாலு பேர் பேரையும் எழுத இடம் பத்துச்சா?"

"மிச்சமே இருந்துது. ரெண்டு வார்த்தைதான் எழுதினேன்."

லோரிங் ஆல்டன். சரியாக இரண்டு வார்த்தை. அவருக்குப் பெருமை தாங்கவில்லை.

ஐந்து அடித்தது. டபிதா விசையைத் தட்டினாள். திரை முழுக்க வண்ணக் காகிதங்கள் பறந்தன. "வாழ்த்துகள், டபிதா!"

லோரிங் கோப்பையைக் கரண்டியால் தட்டினார். "பாத்தீங்களா, டோரா? இவ வாங்கற மார்க்குக்குக் காவல்காரன்கூட உள்ள விடமாட்டான். பேரு! பேரு வாங்கிக் குடுத்த இடம் இது. அது கடைல விக்கறதில்ல."

டபிதா அழுதாள், சிரித்தாள். அப்பாவிடம் வராமல் டோராவின் கையைப் போய்ப் பிடித்துக்கொண்டாள். பாவம், ஆறுதல் சொல்கிறாள் என்று லோரிங் நினைத்துக்கொண்டார்.

"அண்ணா, கடிதத்தைச் சத்தமா படி. நான் படம் எடுக்கறேன்."

வாரன் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டார். "'அன்புள்ள டபிதா, உங்கள் கட்டுரையை எங்கள் குழுவில் எல்லோரும் இரண்டு முறை வாசித்தோம். குடும்பத்தில் யார் இங்கே படித்தார்கள் என்ற கேள்விக்கு, யாரும் இல்லை என்று எழுதி, பக்கத்தில் ஓர் ஆச்சரியக்குறியும் போட்டிருந்தீர்கள்...' என்னடா இது? யாரும் இல்லையாம்?"

"கணினி ஏதாவது குழப்பியிருக்கும். மேல படி."

"'செப்டம்பரில், காலை ஐந்து மணிக்கு, தொழுவத்தில் சந்திப்போம்.'"

லோரிங் போனைக் கீழே இறக்கினார். கடிதத்தின் தலைப்பில் ஆஷ்கோமின் மணிக்கூண்டு இல்லை. ஒரு பசு நின்றிருந்தது.

டோரா மட்டும் சாவகாசமாகத் தனக்கு ஒரு துண்டு கேக் வெட்டிக்கொண்டாள். கத்தி 'ஐந்தாவது' என்ற இடத்தில் இறங்கியது.

"இது செல்லாது!" லோரிங்கின் முகம் க்ரீமை விடச் சிவந்திருந்தது. "நாளைக்கே போன் பண்ணி வேண்டாம்னு சொல்றேன். மாட்டுக்கொட்டகைக்கு என் பொண்ணா? எந்த முட்டாள் இதுக்குக் கையெழுத்துப் போட்டான்?"

டபிதா குனிந்து நாயின் மேலிருந்த மஃப்ளரை எடுத்தாள். முடியைத் தட்டிவிட்டு, அப்பாவின் கழுத்தில் பொறுமையாகச் சுற்றினாள்.

"நீங்கதான் அப்பா, கார் பானட் மேல வெச்சு."