மூன்று டிவிஷனுக்கு ஒரு பெட்டி

"பெட்டி கிளம்பிடுச்சு. ஆனா சோதனைக்கு வந்த சாரோட காடியும் கிளம்பிடுச்சு லா," என்றார் போனில், தோட்டத்தின் இரண்டாவது டிவிஷன் வேலையாட்களை மேற்பார்க்கும் மண்டோர் வசந்தன்.

ரோகினி கடிகாரத்தைப் பார்த்தாள். இரண்டாவது டிவிஷனிலிருந்து அவளுடைய முதல் டிவிஷன் ஆபீசுக்குச் செம்மண் சடக்கு வழியாகக் காரில் கால் மணி நேரம். செம்பனை மரங்களுக்குள் புகுந்து மோட்டார்சைக்கிளில் வந்தால் பத்து நிமிடம்.

"குலுக்காம கொண்டாங்கண்ணே. உள்ள மருந்து பாட்டில் இருக்கு."

"குலுக்காம வந்தா அவர்தான் முதல்ல வருவாரு. உனக்கு எது வேணும், சொல்லு."

அவள் போனை வைத்துவிட்டுச் சுவரில் தொங்கிய தன் முதலுதவிப் பெட்டியைப் பார்த்தாள். மாதாமாதம் அதைச் சோதித்து, காலாவதியானதை எறிந்துவிட்டுப் புதிது வாங்கி வைப்பது ஆபீஸ் கணக்கெழுதும் கிராணியான அவள் வேலை. படிவத்தில் தவறாமல் 'சரி' போட்டாள். பெட்டியையும் வெள்ளிதோறும் திறந்தாள், ஆபீஸ் பூஜைக்குக் கற்பூரமும் திருநீறும் அதற்குள்தான் இருந்தன. பிளாஸ்டர் எல்லாம் போன வருடக் காவடிக்கு நடந்தவர்களின் கால்களுக்குப் போய்விட்டது. புண்ணுக்குப் போடும் மஞ்சள் மருந்து காலாவதியாகி இரண்டு வருடம். பஞ்சில் எறும்பு குடும்பம் நடத்தியது.

இன்றைய பாதுகாப்புச் சோதனையிலும் குறை வந்தால் செண்டாயான் ஆபீசுக்கு மாற்றல் என்று மானேஜர் சொல்லியிருந்தார். தோட்டத்து வீட்டைக் காலி செய்ய வேண்டும். பரீட்சைக்குப் படிக்கும் மகளைப் பள்ளிக்கூடம் மாற்ற வேண்டும்.

நல்ல வேளையாக மூன்றாவது டிவிஷனில் ஒரு நல்ல பெட்டி இருந்தது. ஆறு மாதத்துக்கு முன் ஒருநாள் மேசைமேல் இருந்ததாம். எல்லாம் பிரிக்காத சாமான், இன்னும் இரண்டு வருடம் தாங்கும். கம்பெனிதான் அனுப்பியிருக்கும் என்று நினைத்துக்கொண்டார்களே தவிர, யாரும் விசாரிக்கவில்லை. இன்று காலை அங்கே சோதனை முடிந்ததும் பெட்டி இரண்டாவது டிவிஷனுக்கு ஓடியது. அங்கேயும் தேறிவிட்டு இப்போது இங்கே வருகிறது.

வசந்தன் புழுதியோடு வந்து இறங்கினார். அவள் பெட்டியைத் துடைத்து மேசையில் வைத்தாள். அடியில் கறுப்பு மையில் 4417 என்று எழுதியிருந்தது. அதையும் படிவத்தில் எண்ணுக்கான கட்டத்தில் எழுதினாள். தன் சுவர்ப் பெட்டிமேல் காலண்டரை மாட்டி மறைத்தாள்.

கார் வரவில்லை. அரை மணி கழித்துத்தான் சிரம்பான் தலைமை அலுவலகத்துப் பாதுகாப்பு அதிகாரி ஹேமநாதன் நிதானமாக வந்தார். கட்டுத்துணி, கையுறை, கத்தரிக்கோல் என்று ஒவ்வொன்றாக எடுத்துத் தேதியைச் சத்தமாகப் படித்தார். ஒன்றுகூடக் குறையில்லை.

"அருமையா வச்சிருக்கீங்க. எத்தனை நாளா இருக்கு இந்தப் பெட்டி?"

"நாலஞ்சு வருஷமா இதேதான் சார். மாசாமாசம் நானே பார்த்துப் பார்த்து மாத்துவேன்."

"இந்த 4417?"

"ஸ்டோர் நம்பர் சார். ஆரம்பத்திலேருந்து அதேதான்."

வசந்தன் வாசலில் நின்று செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஹேமநாதன் தலையாட்டினார். பேனாவை மூடிச் சட்டைப்பையில் செருகிக்கொண்டு, பெட்டியைத் தூக்கி அக்குளில் இடுக்கியபடி வெளியே நடந்தார். ரோகினி பின்னாலேயே ஓடினாள்.

"சார், பெட்டி..."

அவர் காரின் பின்கதவைத் திறந்து பெட்டியை உள்ளே வைத்தார். கதவுக்குக் கீழே இருந்த நம்பர் பிளேட்டில் அவள் கண் போய் நின்றது. 4417.

"போன தடவை என் காடியில இருந்த பெட்டியை மூணாவது டிவிஷன்ல மறந்து வச்சிட்டுப் போயிட்டேன்மா. காலையில அங்க பார்த்ததுமே கேக்கலாம்னு நினைச்சேன். ரெண்டாவதுலயும் பார்த்தேன். சரி, இங்கயும் வந்து சேரட்டும்னுதான் வழியில கடையில நின்னு ஒரு தே குடிச்சேன்." பின்கதவைச் சாத்திவிட்டுப் பேனாவைத் திரும்ப எடுத்தார். "வாங்க, இப்ப அந்தக் காலண்டரைக் கழட்டுங்க. அதுக்குப் பின்னாலேருந்துதான் கற்பூர வாசம் வருது."