மூன்றாம் வகுப்பு மிஸ்

"மிஸ், இது கழித்தல் பாடமா, குசல விசாரிப்பா?"

ஜியாத் வீடியோவை நிறுத்திவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டான். திரையில் ரௌஃபா மிஸ் பாதிப் பேச்சில் உறைந்து நின்றாள். நிஜ ரௌஃபா பக்கத்து நாற்காலியில் ஹெட்போனோடு உட்கார்ந்திருந்தாள்.

மாலத்தீவின் தலைநகரான மாலேயில் இருக்கும் அந்தச் சின்னப் பதிவு அறையிலிருந்துதான் ஆசிரியர் கிடைக்காத தீவுகளுக்கெல்லாம் பாடம் போகிறது. மூன்றாம் வகுப்புக் கணக்கு அவளுடையது. ஆசிரியர்களுக்கு வகுப்பு ஒதுக்குவதும், பதிவைச் செதுக்கி அனுப்புவதும் ஜியாத்தின் பொறுப்பு.

"'முகம் கழுவியாச்சா? மாஸ் ஹுனி தொட்டுக்கிட்டியா, வெறும் ரொட்டியைத் தின்னுட்டு ஓடி வந்துட்டியா?' இதெல்லாம் எதுக்கு மிஸ்?"

"பிள்ளையை மையமா வச்சுப் பாடம் பண்ணணும்னு நீங்கதானே சார் பயிற்சி கொடுத்தீங்க?"

"அப்படின்னா பிள்ளை தானா கணக்குப் போடணும்னு அர்த்தம். இருமினா வெந்நீர் குடின்னு சொல்றதில்ல!"

"ஒரே ஒரு வரிதான் சொன்னேன்."

"சரி, இதைப் பாருங்க." மறுபடி ஓட்டினான். திரையில் ரௌஃபா கேட்டாள்: "முப்பத்திரண்டு மீன்ல பதினஞ்சை வித்தாச்சு. மீதி எத்தனை, சொல்லு பாக்கலாம்?" அதற்குப் பிறகு அவள் பேசவே இல்லை. கேமராவையே பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"இவ்வளவு நேரம் சும்மா நின்னா, படம் மாட்டிக்கிச்சுன்னு டேப்லெட்டைப் போட்டுத் தட்டுவாங்க!"

"யோசிக்க நேரம் வேணாமா?"

"வேணும். அப்ப திரையில மீன் வரட்டும். உங்க முகம் எதுக்கு?"

"முகத்தை எடுக்காதீங்க சார்."

அவனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"தினமும் இதே ரோதனை! நான் வெட்டுறேன், நீங்க ஒட்டச் சொல்றீங்க. பத்தாம் வகுப்புக்கு இயற்பியல் எடுத்தவங்க நீங்க. சின்னப் பிள்ளைங்க வகுப்பைக் கேட்டு வாங்கிட்டு வந்து ஏன் என் உயிரை எடுக்குறீங்க? நாளையிலேருந்து இதை ஷஹ்மா மிஸ் எடுக்கட்டும். நீங்க பழைய வகுப்புக்கே போயிடுங்க."

ரௌஃபா ஹெட்போனைக் கழற்றினாள். முகம் வெளிறிப்போயிருந்தது.

"வேணாம் சார். இனிமே சாப்பாட்டைப் பத்திப் பேசல, இருமலைப் பத்திப் பேசல. எதை வேணாலும் வெட்டுங்க. என்னை மட்டும் வெட்டிடாதீங்க."

"அப்படி என்ன மிஸ் இருக்கு இந்த மூணாம் வகுப்புல?"

"என் பொண்ணு இருக்கா" என்றாள் ரௌஃபா. "விவாகரத்துக்கு அப்புறம் அவங்கப்பா தெற்குத் தீவுக்குக் கூட்டிட்டுப் போயிட்டார். போன்ல பேசக்கூட விடறதில்ல. பாடத்தை மட்டும் அவரால நிறுத்த முடியல."

அவள் கண்களைத் துடைத்துக்கொண்டு தயங்கித் தயங்கிக் கேட்டாள்:

"அடுத்த வருஷம் எனக்கு நாலாம் வகுப்பு கொடுப்பீங்களா சார்?"