தூரத்துக் கல்லூரி

மகளின் கம்பளிப் போர்வையையும் பெட்டிக்குள் திணித்தாள் அம்மா.

“இதையுமா? ஒரேயடியா மூட்டை கட்டுறீங்க போல. லீவுக்குக்கூட வரக் கூடாதா?”

“எதுக்கு வந்து வந்து அலையணும்? ஹாஸ்டல்லயே இருந்து ஒழுங்காப் படி.”

“தெருமுனைக் காலேஜ்லயே சீட் கிடைச்சுது. ஒரு நாள் முழுக்க ரயில்ல போற ஊர்ல கொண்டுபோய்த் தள்ளுறீங்க. அப்பா, நீங்களாவது சொல்லுங்கப்பா!”

நாற்காலியில் சாய்ந்திருந்த அப்பா கண்ணைத் திறக்கவில்லை. “வெந்நீர் போடக்கூட அம்மாவைக் கூப்பிடுறவ நீ. ஹாஸ்டல்ல போட்டாத்தான் புத்தி வரும்.”

“நான் உங்களுக்கு அவ்வளவு பாரமாப்பா?”

அவர் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

ஸ்டேஷனுக்கும் அவர் வரவில்லை. ரயில் கிளம்பும்வரை மகள் அம்மாவின் முகத்தை ஏறெடுத்தும் பார்க்கவில்லை.

மறுநாள் மருத்துவமனையில், மகள் கிளம்பும்வரை தள்ளிப்போட்டிருந்த முதல் டயாலிசிஸ் முடிந்து அப்பா படுத்திருந்தார். புதிதாக வந்திருந்த டாக்டர் பரிசோதனை முடிவுகளைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார்.

“உங்க கிட்னி இவருக்குப் பொருந்தாதும்மா. டயாலிசிஸை மட்டும் வெச்சு இவருக்கு ரொம்ப நாள் தாங்காது. பிள்ளைங்க யாராவது இருக்காங்களா? பதினெட்டு வயசு முடிஞ்சிருந்தாப் போதும். பொருந்துதான்னு பார்த்துடலாம்.”

அப்பா அம்மாவின் விரல்களைத் தேடிப் பிடித்து அழுத்தினார். மகளுக்குத் தெரிந்தால் ஒரு நிமிடம்கூட யோசிக்காமல் வந்து படுத்துவிடுவாள் என்பது இருவருக்கும் தெரியும்.

“இல்லீங்க டாக்டர்,” என்றாள் அம்மா. “எங்களுக்குப் பிள்ளைங்களே இல்ல.”