பத்து நாள்ல ஒம்போது கிலோ

"ஒம்போது கிலோ. பத்தே நாள்ல ஒம்போது கிலோ போய்டுச்சு"ன்னு தேவகி போட்ட சத்தத்துல, எதிர்வூட்டு அன்வரி பேகம் வெங்காயம் அரிஞ்ச கத்தியோட ஓடியாந்தாங்க.

"இன்னாக்கா, யாரு போய்ட்டா?"

"நான்தான். கால்வாசி போய்ட்டேன். நல்லா பாரு."

அன்வரி முன்னாடி பார்த்தாங்க. சுத்தி வந்து பின்னாடியும் பார்த்தாங்க. போன எடம் ஒண்ணும் புலப்படல. ஆனா அதை வாய்விட்டுச் சொல்லிட்டு, எதிர்வூட்டுல எப்படிக் குடியிருக்கிறது?

"ஆமாக்கா. கழுத்தாண்ட வத்திருக்குது."

பைபாஸ் ரோட்டுல தபரேஸ்னு ஒரு ஆளு புதுசா டயட் பொட்டி கடை போட்டிருந்தான். வேளைக்கு ஒரு பொட்டி வூடு தேடி வரும். தொறந்தா வேகவெச்ச சுண்டல், நாலு துண்டு வெள்ளரிக்கா, அந்தப் பக்கம் நிக்கிறவன் தெரியுற மாதிரி ஒரு சப்பாத்தி. சேர்ற அன்னிக்குக் கடை மெஷின்ல ஏத்தி எடை பார்ப்பான். தேவகி ஏறுனப்போ தொண்ணூத்தியொண்ணு.

புருசன் சுப்பராயன் அன்னிக்கே தலையில அடிச்சிக்கிட்டாரு.

"ஆம்பூர்ல பொறந்துட்டு வெள்ளரிக்காய்க்குக் காசு குடுக்குறியே. அவன் ஏமாத்துறான்டி."

தேவகி காதுல வாங்கல. வர்ற பொட்டிய எல்லாம் வழிச்சுத் துன்னா. நடுவுல அன்வரி வூட்டு நிக்காஹ்ல பிரியாணிக்கும் உக்காந்தா. கத்திரிக்கா நல்லா இருந்ததால ரெண்டாவது தபாவும் உக்காந்தா. அது வேற கணக்கு.

பத்தாவது நாள் மனசு கேக்கல. வூட்டுக்குக் கீழயே சுப்பராயனோட குடோன். ஷூ கம்பெனியில வெட்டிப் போட்ட தோல் துண்டுங்கள மூட்டை மூட்டையா வாங்கிப் போடுற எடம். அவரு சென்னைக்குப் போயிருந்த நேரமா, மூட்டை நிறுக்குற பெரிய தராசுல ஏறி நின்னா. எம்பத்திரெண்டு.

அப்போ போட்ட சத்தம்தான் அது.

பொழுது சாயறதுக்குள்ள தெருவுல பாதி பொம்பளைங்க தபரேஸுக்குப் போன் போட்டுட்டாங்க. நடுவுல பிரியாணி துன்னாலும் எடை எறங்குதுன்னா யாருக்குக் கசக்கும்?

மறுநாள் காலையில தபரேஸே வந்துட்டான், கையில மெஷினோட. குடோன் வாசல்ல கூட்டம். அதே நேரத்துக்கு சுப்பராயனும் ஆட்டோவுல வந்து எறங்குனாரு.

"எதுல ஏறிப் பார்த்த?"

"நம்ம தராசுலதான்."

அவரு மூஞ்சி ஒரு மாதிரி ஆச்சு. "அது தோல் நிறுக்குறதுடி. யாரைக் கேட்டு ஏறுன?"

"பாரு அன்வரி, பொண்டாட்டி இளைச்சா இவருக்குப் பொறுக்கல."

கூட்டம் கொல்லுன்னு சிரிச்சுது. தபரேஸ் தன் மெஷின தரையில வெச்சான்.

"அக்கா, மொத நாள் ஏறுன அதே மெஷின். இதுல ஏறி நின்னா வீடியோ பக்காவா வரும்."

கல்யாணப் பொண்ணு மேடை ஏறுற மாதிரி தேவகி ஏறுனா.

தொண்ணூத்திரெண்டு.

தபரேஸ் போனைக் கீழ எறக்கிட்டான். "அக்கா, பொட்டி மட்டும்தானே சாப்ட்டீங்க?"

"ஒரு பொட்டி கூட மீதி வெக்கலப்பா."

ஓடிப் போயி பெரிய தராசுல நின்னா. எம்பத்திரெண்டு. திரும்ப வந்து இதுல நின்னா. தொண்ணூத்திரெண்டு. அதுல போனா ஒல்லி, இதுல வந்தா குண்டு. அவளுக்கு அழுகை முட்டிக்கிச்சு. நேத்து வந்த ஒல்லி இன்னிக்கே போனா தெருவுல எப்படித் தலை காட்டுறது?

"எங்க தராசு பொய் சொல்லாது. உன் மெஷின்தான் டூப்பு."

"அக்கா, கடை போட்டு ரெண்டு மாசம்தான் ஆவுது. பேரைக் கெடுத்துடாதீங்க."

"அப்போ எங்களுக்கும் இதே நாமம்தானா?"ன்னு கூட்டம் அவனை வளைச்சுக்கிச்சு.

சுப்பராயனுக்கு இப்பதான் உயிர் வந்துச்சு. சட்டைக் கைய மடிச்சுவுட்டுக்கிட்டு முன்னாடி வந்தாரு.

"அன்னிக்கே சொன்னேன், கேட்டாளா? எடையில ஏமாத்துறவன் துன்ற சோறு ஒடம்புல ஒட்டுமா? பேச்சு இன்னா பேச்சு, மெஷின ரோட்டுல போட்டு ஒடைங்க. இனிமே இந்தத் தெருவுல எவனும் பொட்டி தூக்கினு வரக்கூடாது."

ரெண்டு பேரு மெஷினுக்குக் குனிஞ்சாங்க.

"தோ, ஒரு நிமிசம் இரு"ன்னு குறுக்க வந்தா ராஜம்மாள். வாராவாரம் தோல் துண்டு மூட்டை கொண்டாந்து சுப்பராயனுக்கு எடைக்குப் போடுறவ. அன்னிக்கும் மூட்டையோட வந்து, இந்தக் கூத்து முடியட்டும்னு ஓரமா நின்னிருந்தா.

மூட்டைய இழுத்தாந்து தபரேஸ் மெஷின் மேல வெச்சா. முப்பது.

அதையே தூக்கினு போயி சுப்பராயன் தராசுல வெச்சா. இருபத்தேழு.

குனிஞ்ச ரெண்டு பேரும் மெதுவா நிமிந்து சுப்பராயனைப் பார்த்தாங்க.

ராஜம்மாள் தேவகி பக்கம் திரும்புனா.

"நீயாவது பொட்டி துன்னு இளைச்சம்மா. என் மூட்டை இன்னா துன்னுட்டு வாராவாரம் இங்க வந்து இளைக்குது?"