சன்னலைப் பார்க்கும் மணப்பெண்

"இன்னைக்கும் மண்டி போடத்தான் போறீங்களா? உங்க முட்டி போடுற சத்தம் அகழிக்கு அந்தப் பக்கம் வரைக்கும் கேக்குது" என்றார் போடில்.

"போடாம எப்படிக் கேக்குறது?" என்று முழங்காலைத் தடவிக்கொண்டார் ஆஸ்கெர்.

கோட்டையின் பெரிய மண்டபத்தில், பழைய ஓவியம் ஒன்றின் கீழே வயதான அந்த அம்மாவும் ஆஸ்கெரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். ஓவியத்தில் நானூறு வருடத்துக்கு முந்தைய பிரபு ஒருவர் மண்டியிட்டு மோதிரத்தை நீட்டுகிறார். மணப்பெண்ணோ சன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டிருக்கிறாள்.

இந்தக் கோடையில் மண்டபத்துக்குள் புதுக் கலை வேறு குடியேறியிருந்தது. இரும்புக் கவசத்துக்குப் பக்கத்தில் ரோஸ் நிறக் குழல்விளக்கு. தங்க முலாம் பூசிய கூரைக்கு நேர் கீழே பிளாஸ்டிக் நாற்காலிக் குவியல். ஓக் பெட்டியின் மேல் சைக்கிள் டயரில் செய்த வாத்து. ஊர் ரொட்டிக்கடையில் இதைப் பற்றிப் பேசாத வாய் இல்லை. எல்லாவற்றையும் அகழியில் தள்ளிவிட வேண்டும், தன் மச்சினன் கொல்லையில் இதைவிட நல்ல டயர் கிடக்கிறது என்பது ஆஸ்கெரின் கட்சி. வாத்தை மட்டும் விட்டுவிடலாம் என்பது போடிலின் கட்சி.

ஆஸ்கெர் தீவுக்குப் படகு ஓட்டி ஓய்வு பெற்றவர், மனைவியை இழந்தவர். போடில் பள்ளிக்கூடத்தில் சமைத்தவர். அவருடைய கணவர் எப்போதோ வேறொருத்தியோடு ஸ்வீடனுக்குப் போய்விட்டார். இருவரும் முதன்முதலில் சந்தித்ததே மே மாதம், இந்த மண்டபத்தில்தான். சந்தித்த அன்றே ஆஸ்கெர் மண்டியிட்டு, தன்னைக் கல்யாணம் செய்துகொள்ளச் சம்மதமா என்று கேட்டுவிட்டார். போடிலும் யோசிக்காமல் மாட்டேன் என்றுவிட்டார்.

அதற்காக ஆஸ்கெர் சோர்ந்துவிடவில்லை. மறுநாளும் கேட்டார். கோடை முழுக்கக் கேட்டார், காலையில் ஒரு தரம், பிற்பகலில் ஒரு தரம். போடிலும் சளைக்காமல் மறுத்தார். மறுத்து முடித்ததும் இருவரும் பெஞ்சில் உட்கார்ந்து, மீன் வைத்த கறுப்பு ரொட்டியைப் பங்கு போட்டுக்கொண்டு, ஒருவர் சமையலை மற்றவர் குறை சொல்லுவார்கள். அந்த நேரத்துக்காகவே ஆஸ்கெர் தினமும் சட்டைக்கு இஸ்திரி போட ஆரம்பித்திருந்தார்.

இன்றோடு அது முடிகிறது. நாளை முதல் கோட்டை குளிர்காலத்துக்காக மூடிவிடும். போடில் ஓல்போர்க் நகரத்தில் இருக்கும் மகள் வீட்டோடு போய்விடப் போகிறார். பெட்டிகூடக் கட்டியாகிவிட்டது.

மண்டபத்தில் கூட்டம் சேர ஆரம்பித்தது. இவர் மண்டியிடப் போகிறார் என்று தெரிந்தால் பக்கத்து அறைகளிலிருந்தெல்லாம் ஜனங்கள் வந்துவிடுவார்கள். பிறத்தியாரின் கல்யாணப் பேச்சு என்றால் எந்த ஊரிலும் காது நீண்டுவிடும். மண்டபத்தைக் கவனித்துக்கொள்ளும் லிஸ்பெத் யாரையும் விரட்டவில்லை. குழந்தைகளை முன்னால் வந்து உட்காரச் சொன்னாள்.

ஆஸ்கெர் மண்டியிட்டார். முட்டி சத்தம் போட்டது. ஒரு குழந்தை சிரித்தது. அவர் சட்டைப்பையிலிருந்து மோதிரத்தை எடுத்து நீட்டினார்.

போடில் குனிந்து பார்த்தார். தினமும் நீட்டுவது சிவப்புக் கல் வைத்த பெரிய மோதிரம். இது மெல்லிய வெள்ளி வளையம். கடையில் விலைச்சீட்டு கட்டியிருந்த நூல் இன்னும் தொங்கிக்கொண்டிருந்தது.

"இது வேறயா இருக்கே" என்றார் போடில், தாழ்ந்த குரலில்.

நிலவும் நட்சத்திரமுமாகத் தினமும் சொல்கிற அழகான பேச்சு இன்று ஆஸ்கெருக்கு வரவில்லை.

"போடில், ஒருத்தருக்கு எவ்வளவு சூப் வைக்கணும்னு எனக்கு இன்னும் கை பழகலை. தினமும் மிச்சமாகுது. நீங்க வந்தா அளவு சரியா இருக்கும். உப்பு ஜாஸ்தின்னு திட்டுவீங்க, திட்டுங்க. ஓல்போர்க் மட்டும் போயிடாதீங்க."

லிஸ்பெத் முகத்தைச் சுளித்தாள். போடில் எப்போதும் போல எழுந்தார். எப்போதும் போலச் சன்னல் பக்கம் திரும்பினார். ஆஸ்கெருக்கு உயிரே போய்விட்டது.

சன்னலைப் பார்த்தபடி போடில் மூக்கைத் துடைத்துக்கொண்டார். பிறகு திரும்பி, கையை நீட்டினார்.

"போட்டு விடுங்க. ஆனா உப்பு நான்தான் போடுவேன்."

கூட்டம் கைதட்டியது. எழுந்திருக்கவும் தோன்றாமல் ஆஸ்கெர் மண்டியிட்டபடியே அழுதார்.

லிஸ்பெத் ஓடிவந்து போடிலின் காதருகே பதறினாள். "என்ன இப்படிப் பண்ணிட்டீங்க? ஓவியத்துல இருக்கிற பொண்ணு மாதிரி முகத்தைத் திருப்பிக்கிட்டு நீங்க மாட்டேன்னுதானே சொல்லணும்? இந்த நாடகத்தைப் படைச்ச கோபன்ஹேகன் கலைஞர் அம்மா அப்படித்தானே எழுதிக் கொடுத்திருக்காங்க? இந்தக் கண்காட்சியிலேயே ஜனங்க அதிகமாப் பாக்க வர்ற படைப்பு நீங்க ரெண்டு பேரும்தான். மூணு மணிக்குக் கடைசிக் காட்சி வேற இருக்கு."

"மூணு மணிக்கு மாட்டேன்னு சொல்லிடறேன், லிஸ்பெத்" என்றார் போடில், மோதிரத்தில் தொங்கிய நூலைப் பிய்த்தபடி. "அப்போ கேக்கப்போறது அந்த அம்மா எழுதின ஆளு. இப்போ கேட்டது ஆஸ்கெர்."