பக்கத்து சீட்டின் கிளட்ச்

கிளட்ச் கல்லாகக் கனத்தது. டிரைவிங் ஸ்கூல் நடத்திய கணவர் விட்டுப்போன அந்தக் கிழட்டுக் காரை மிதித்து மிதித்து, நான்கே மாதத்தில் அவளுக்கு முழங்கால் வீங்கிவிட்டது.

மெக்கானிக் கேபிளை மாற்றிப் பார்த்தார், கிரீஸ் வைத்துப் பார்த்தார். ஒன்றுக்கும் மசியவில்லை. கடைசியில் பக்கத்து சீட்டின் முன்னால் குனிந்தார். கற்றுக்கொள்பவர் தடுமாறினால் சொல்லிக்கொடுப்பவர் மிதிக்க, அங்கே இன்னொரு கிளட்ச் இருந்தது. இரண்டையும் ஒரு கம்பி இணைத்தது.

"இந்தக் கம்பிதான்க்கா துருப்பிடிச்சு இழுக்குது. எல்லாத்தையும் கழட்டிடவா? இனிமே யாரு அங்க உக்காந்து மிதிக்கப்போறா?"

"கழட்டிடுங்க" என்றாள்.

கழற்றியதும் கிளட்ச் பூப்போல இறங்கியது. கம்பியையும் பெடலையும் சாக்கில் சுற்றி டிக்கியில் போட்டுக் கொடுத்தார்.

வழியில் பாலத்தடி சிக்னல். பதினோரு வருடமாக அவளுக்கு ஆகாத இடம். பச்சை விழுந்ததும் பதறிப்போய்க் காலை வெடுக்கென்று எடுத்துவிடுவாள். வண்டி குலுங்கி நிற்பதற்குள் கணவர் தன் பக்கத்துக் கிளட்சை மிதித்துவிடுவார். "மெதுவா விடும்மா, யாரு துரத்துறா?" என்பார். அவர் இறந்தபிறகு சுற்றுவழியில்தான் போய்வந்தாள். இன்றைக்கு, கிளட்ச்தான் இலேசாகிவிட்டதே என்று துணிந்தாள்.

பச்சை விழுந்தது. பின்னால் ஹாரன் அலறியது. காலை வெடுக்கென்று எடுத்துவிட்டாள்.

வண்டி குலுங்கவில்லை. குனிந்து பார்த்தாள். கிளட்ச் தரையோடு அமுங்கியே இருந்தது.

பிறகு, யாரும் துரத்தாத நிதானத்தில், அது மெதுவாக மேலே வந்தது. கார் நகர்ந்தது.