இல்லாத நாட்டு ராணுவ வண்டி

சடையாண்டி உள்ளே நுழைந்தபோது மினிபஸ் முதலாளி பெருமாள்சாமி சாப்பாட்டு மேஜையில் குனிந்து, காலி மாத்திரை அட்டையைக் கத்தரித்துக்கொண்டிருந்தார்.

"உடம்புக்கு என்ன முதலாளி?"

"உடம்புக்கு ஒண்ணுமில்லப்பா. மண்டைக்குத்தான்," என்று சமையற்கட்டிலிருந்து பதில் சொன்னாள் அவர் மனைவி அய்யம்மாள். "அம்பது வயசுல பொம்மை செய்யிறாரு. மூணு மாசமா நாங்க தரையில உக்காந்துதான் சாப்புடுறோம். டீ வடிகட்டியக் காணோம். தைலக் குப்பி ரெண்டுலயும் மூடியக் காணோம்."

பெருமாள்சாமி நிமிரவில்லை.

"பொம்மை இல்லடா. கவச வண்டி. சண்டை நடக்குற எடத்துக்கு வீரனுங்கள ஏத்திக்கிட்டுப் போறது. உக்காரு."

சடையாண்டி உட்கார்ந்தான். அவருடைய மினிபஸ்ஸை அய்யலூர் பக்கத்துக் கிராமங்களுக்கு ஓட்டுகிற டிரைவர் அவன். வருசாந்தரத் தகுதிச் சான்றுக்காக எப்.சி.க்குப் போன பஸ் திரும்பி வந்துவிட்டதைச் சொல்லத்தான் வந்தான். மேஜையில் இருந்ததைப் பார்த்ததும் அது மறந்துபோனது.

ஒரு சாண் நீளம். எட்டு சக்கரம். சப்பை மூக்கு. உடம்பெல்லாம் பச்சை பெயின்ட்.

"எந்த நாட்டு வண்டி முதலாளி இது?"

"எந்த நாட்டுலயும் கெடையாது. மச்சான் சிங்கப்பூர்லேர்ந்து ஒரு லாரி செட்டு வாங்கியாந்தான். பிளாஸ்டிக் துண்டு துண்டா இருக்கும். படத்தப் பாத்து ஒட்டணும். அந்த லாரி எனக்குப் பிடிக்கல. எல்லாத்தையும் அறுத்துப்போட்டு, நானா யோசிச்சு இதப் பண்ணேன்."

லாரியில் ஆறு சக்கரம்தான். மிச்சம் ரெண்டு, அய்யம்மாளின் தைல மூடி. இன்ஜினுக்கு முன்னால் இருந்த வலை, டீ வடிகட்டி. துப்பாக்கிக் குழலாக ஒரு பேனா ரீபில் நீட்டிக்கொண்டிருந்தது.

"அப்ப எந்த நாட்டு ராணுவம் இதுல போவும்?"

"அது இன்னும் முடிவு பண்ணல."

சடையாண்டி மீசையைத் தடவுகிற மாதிரி வாயைப் பொத்திக்கொண்டான். ஊரில் நாலு பேர் மதிக்கிற மனுசனுக்கு இப்படியும் ஒரு கிறுக்கா என்றிருந்தது.

பெருமாள்சாமி மேல்கூரையைப் பதமாகத் தூக்கினார்.

"உள்ள பாரு."

இந்தப் பக்கம் அஞ்சு, அந்தப் பக்கம் அஞ்சு. பத்து குட்டி சீட்டுகள். ஒவ்வொன்றுக்கும் நூலில் பெல்ட்டு.

"மொதல்ல பன்னெண்டு சீட்டு வச்சேன். ரெண்டு அங்குலத்துக்கு ஒரு வீரனைச் செஞ்சு உக்கார வச்சுப் பாத்தா, முட்டி இடிக்குது. எனக்குச் சோறு எறங்கல. மறுநாளே ரெண்டு சீட்டப் பிடுங்கிட்டேன்."

"ரெண்டு ஆளு கொறைஞ்சா சண்டையில தோத்துர மாட்டாங்களா?"

"தோத்தா தோத்துட்டுப் போறாங்க. மனுசன் கால மடக்கிக்கிட்டு எம்புட்டு நேரம் உக்காருவான்?"

சடையாண்டி மீசையிலிருந்து கையை எடுத்தான்.

"இங்க பாரு. பின்னாடி ஒரு கதவு. அது சிக்கிக்கிச்சுன்னா பக்கத்துல ஒரு கதவு. அதுவும் போச்சுன்னா மேல ஒரு மூடி. ஊக்கு வெட்டிக் கீல் போட்டிருக்கேன். தொறந்து பாரு, மெதுவா."

சடையாண்டி சுண்டுவிரல் நகத்தால் நெம்பினான். கதவு வெண்ணெய் மாதிரி திறந்தது.

"இந்தக் கதவுக்கு மட்டும் ரெண்டு வாரம் ஆச்சு. நாலு தடவ ஒட்டி, நாலு தடவ பேத்தேன். ஏதாவது ஒண்ணுன்னா, பத்து எண்றதுக்குள்ள பத்து பேரும் வெளிய குதிச்சிரணும்."

அய்யம்மாள் டீ கொண்டுவந்து வைத்தாள். "கூரைய ஒட்டிட்டா உள்ள இருக்குற சீட்டும் பெல்ட்டும் யாரு கண்ணுக்குத் தெரியப்போவுது?"

"உள்ள உக்காந்திருக்கறவனுக்குத் தெரியும்ல," என்றார் பெருமாள்சாமி. குரல் தழுதழுத்தது. "எல்லாம் பிள்ளகுட்டிக்காரங்க. வண்டிய நம்பி ஏறுறாங்க. பத்திரமா எறக்கி விடுறது யாரு பொறுப்பு? வண்டி செஞ்சவன் பொறுப்புதான?"

சடையாண்டி நாலு வருசமாக இவரிடம் வேலை பார்க்கிறான். இந்த மனுசனுக்குள் இப்படி ஒரு மனசு இருப்பது தெரியாமலே போயிற்றே. டீயைக் குடிக்கக்கூடத் தோன்றாமல் டம்ளரைக் கையிலேயே வைத்திருந்தான்.

அப்புறம்தான் வந்த காரியம் நினைவுக்கு வந்தது.

"முதலாளி, பஸ்ஸுக்கு எப்.சி. முடிஞ்சிருச்சு. ஒரு கொறையும் சொல்லல. வண்டி வாசல்லதான் நிக்குது."

"நல்லதாப் போச்சு. இனி ஒரு வருசத்துக்கு யாரும் கேக்க மாட்டான்." பெருமாள்சாமி ஒரு குட்டி சீட்டை எடுத்து அதன் விளிம்பை உப்புத்தாளில் தேய்த்தார். "வியாழக்கிழமை அய்யலூர் ஆட்டுச் சந்தை. கூட்டம் அள்ளும். அதுக்குள்ள பஸ்ஸப் பட்டறைக்குக் கொண்டுபோயி, பின்னாடி இருக்குற அந்த அவசர வழிக் கதவை வெல்டு வச்சு அடைச்சிரு. அந்த எடத்துல ரெண்டு சீட்டு போட்டுரலாம்."

"இப்பவே முட்டி இடிக்குதுன்னு சனங்க வையுது முதலாளி."

"முக்கா மணி நேரந்தான. பொறுத்துக்கிருவாங்க."

சொல்லிவிட்டு, குட்டி சீட்டின்மேல் ஒட்டியிருந்த தூசியை ஊதினார். வீரனுக்குக் குத்திவிடக் கூடாதே.

சடையாண்டிக்குப் பஸ்ஸின் கடைசி வரிசை கண்முன் வந்தது. தினமும் அதில் உட்கார்ந்துதான் அவன் மகள் கீர்த்தனா பள்ளிக்கூடம் போகிறாள்.

எழுந்தான். சட்டைப்பையிலிருந்து பஸ் சாவியை எடுத்து, அந்தப் பச்சை வண்டிக்குப் பக்கத்தில் வைத்தான்.

"இந்த வண்டிக்கு டிரைவர் போட்டாச்சா முதலாளி? இல்லன்னா நான் இதுக்கே வந்துர்றேன்."